மூன்று தரம் கேட்கிற கோள்

முகாமில் வளர்ந்து, இப்போது பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிற என் வயதுக்காரர்களுக்கு இதை எழுதுகிறேன். வாசித்தால் போதும், பதில் எழுத வேண்டாம். பதில்களில் எனக்கு இப்போது அவ்வளவு நம்பிக்கை இல்லை.

போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், என் மகள் உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படிக்கிற தனியார் வகுப்பின் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். பிள்ளைக்கு இன்னும் சுகமாகவில்லையா என்று கேட்டார். ஆறு கிழமையாக, ஒன்றரை மாதமாக, அவள் வகுப்புக்கு வரவில்லையாம். அந்த ஆறு கிழமையும் அவள் நேரத்துக்கு வெளிக்கிட்டு நேரத்துக்குத் திரும்பி வந்திருந்தாள். நானும் ஒவ்வொரு நாளும் "கிளாஸ் எப்பிடி?" என்று கேட்டிருந்தேன். "நல்லம் உம்மா" என்பாள். அவள் அதைச் சொல்லி முடிக்கும்போது நான் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போயிருப்பேன்.

முச்சக்கர வண்டி ஒன்றைப் பிடித்துப் புத்தளம் நகரைச் சுற்றினேன். பேருந்து நிலையம், நூலகம், சிநேகிதிகள் வீடு. கடைசியில், கடல் தண்ணீர் நிற்கிற களப்பின் கரையில் கண்டேன். புத்தகப் பை கரையில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் அவளுடைய மூக்குக்கண்ணாடி மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் சப்பாத்தோடு முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாள். களப்பு அந்த இடத்தில் வெகுதூரத்துக்கு முழங்கால் அளவுதான். அதை எனக்கு நானே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"என்ன செய்றாய்?" என்று கேட்டேன்.

"சும்மா."

கையைப் பிடித்தேன். வந்தாள். வண்டிக்காரர் இருக்கை நனையும் என்று ஒரு சாக்கை விரித்துவிட்டார். 

பிறகு எல்லாத் தாய்மாரும் செய்வதைச் செய்தேன். அவளுடைய தொலைபேசியைப் பறித்து, அதிலிருந்ததை எல்லாம் வாசித்தேன். காதல் கடிதம் எதிர்பார்த்தேன். இருந்தது ஒரு விளையாட்டு. நான்கு சிநேகிதிகள் எழுத்தில் விளையாடுகிறார்கள். ஒருத்தி ஒரு கோளை மனதில் வைத்திருப்பாள். மற்றவர்கள் விண்கலத்தில் அங்கே வந்து இறங்கி, அந்தக் கோளின் ஆட்கள் எப்படி வாழ்கிறார்கள், எது அவர்களுக்கு மரியாதை, எது குற்றம் என்று கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். இம்முறை கோளை வைத்திருந்தவள் என் மகள். அவள் இப்படி எழுதியிருந்தாள்:

"இந்தக் கோளில் பெரியவர்கள் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். பதில் அவர்களுக்குத் தேவையில்லை. அது ஸலாம் சொல்வது மாதிரி. 'நல்லம்' என்று சொன்னால் போய்விடுவார்கள். வேறு ஏதும் சொன்னால் என்ன நடக்கும் என்று இதுவரை யாருக்கும் தெரியாது."

 இந்த விளையாட்டு எனக்குத் தெரியும். நான் இதை விளையாடி வென்றிருக்கிறேன்.

நாங்கள் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த விதத்தை நான் எழுதப்போவதில்லை. பலர் எழுதிவிட்டார்கள், நீங்களும் வந்தவர்கள்தான். வந்த முதல் கிழமையில் நடந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்.

புத்தளத்துக் கரைத்தீவுப் பக்கம் ஒரு தென்னங்காணியில் எங்களுக்கு இடம் தந்திருந்தார்கள். நான்கு கம்பும் பின்னிய தென்னோலைக் கிடுகும். கதவுக்குப் பதிலாகச் சாக்கு. காணியின் கிழக்கு மூலையில் ஒரு கிணறு. சுற்றிலும் இருந்த கிணறுகளில் தண்ணீர் கரித்தது, அது ஒன்றில்தான் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர். அதனால் காணிக்காரரை நாங்கள் கிணற்றுக்காரர் என்றோம், அவருடைய மனைவியைக் கிணற்றுக்கார மாமி என்றோம். அந்த மாமி மூன்றாம் நாள் ஒரு பெரிய சட்டியில் சோறும் கருவாட்டுக் கறியும் கொண்டுவந்து எங்கள் சாக்குக்கு முன்னால் நின்றார்.

"சாப்பிட்டீங்களா?" என்று உம்மாவிடம் கேட்டார்.

உம்மா முந்திய நாள் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை. "ஓம், சாப்பிட்டம். அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு மாமி சட்டியோடு அடுத்த குடிசைக்குப் போய்விட்டார்.

நாங்கள் எல்லாரும் அந்தச் சட்டி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உம்மாதான் அதிக நேரம் பார்த்தார். எங்கள் ஊரில் அப்படி இல்லை. அங்கே ஒருவர் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் ஆயிற்று என்று சொல்ல வேண்டும். அவர் மறுபடி கேட்பார், நாங்கள் மறுபடி மறுக்க வேண்டும். மூன்றாம் தரம் கேட்கும்போதுதான் கையை நீட்டுவோம். முதல் தரமே கையை நீட்டுகிற பிள்ளைக்கு வீட்டில் அடி விழும். கேட்கிறவரும் மூன்று தரம் கேட்காமல் போகமாட்டார். இதை யாரும் எங்களுக்கு ஒரு சட்டமாகச் சொல்லித் தந்ததில்லை. உலகம் முழுக்க இப்படித்தான் என்று நினைத்திருந்தோம்.

"மனசில்லாமக் கொண்டந்த சோறு" என்று உம்மா தீர்ப்புச் சொன்னார். கிணற்றடியில் மாமி சொன்ன தீர்ப்பும் பிறகு எங்கள் காதுக்கு வந்தது: "பெரும புடிச்ச ஆக்கள். கிடுகுக்குள்ள இருந்தும் பெரும." அந்த இரண்டு தீர்ப்பும் எட்டு மாதம் அப்படியே இருந்தன. இருவரும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள், ஒருவருக்கொருவர் ஸலாம் மட்டும் சொன்னார்கள்.

ராத்தா என் ஒரே சகோதரி. எனக்குப் பத்து வயது, அவளுக்குப் பதினெட்டு. ஊரில் உயர்தரம் உயிரியல் முதலாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். வரும்போது அவள் பையில் ஒரே ஒரு கொப்பி இருந்தது. அதில் தவளையின் இரத்தச் சுற்றோட்டப் படம். சிவப்பும் நீலமும் பென்சிலால் தீட்டியிருந்தாள். நீலம் பாதியில் நின்றிருந்தது. முகாமுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் இல்லை. புத்தளம் நகரத்துப் பாடசாலை ஒன்றில் தை மாதம் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தை மாதத்துக்காக ராத்தா காத்திருந்தாள். வேறு எதைப் பற்றியும் அவள் அதிகம் கதைத்ததில்லை.

நிவாரணமாகப் பழைய உடுப்பு மூட்டைகள் வரும். ஒரு முறை எங்களுக்குக் கிடைத்ததில் நான்கு கம்பளிக் கோட்டுகள் இருந்தன. புத்தளத்து வெயிலில் கம்பளிக் கோட்டு. வாப்பா ஒன்றைச் சுருட்டித் தலையணையாக வைத்துக்கொண்டார். அந்தக் கோட்டுகளுக்குள் சுற்றி ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. மூடியில் நட்சத்திரங்களும் ஒரு விண்கலமும். உள்ளே ஆங்கிலத்தில் ஒரு மெல்லிய புத்தகம், ஒரு பகடைக்காய். நமக்குத் தெரிந்த ஆறு பக்கக் காய் இல்லை, இருபது பக்கம். போத்தல் கண்ணாடிப் பச்சை. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரு சின்னக் காற்றுக் குமிழி தெரியும். மூட்டையில் இருந்து வந்த சவர்க்கார வாசனை அதில் வெகுநாள் இருந்தது. ராத்தா அதை வெறும் பால்மாத் தகரப் பேணியில் போட்டு வைப்பாள்.

ராத்தா தெரிந்த ஆங்கிலத்தை வைத்துப் புத்தகத்தை வாசித்தாள். தெரியாததை ஊகித்தாள். காயை உருட்டினால் ஒரு எண் விழும். அட்டவணையில் அந்த எண்ணுக்கு நேரே அந்தக் கோளின் ஆட்களுக்கு எத்தனை சூரியன், யார் ஆட்சி, என்ன வழக்கம் என்று இருக்கும். வழக்கங்களின் பக்கம் பாதியில் கிழிந்திருந்தது. பதின்மூன்று வரைதான் இருந்தது. அதற்கு மேல் விழுந்தால் ராத்தாவே ஒரு வழக்கத்தை உண்டாக்குவாள்.

விளையாட எனக்கு ஒரு கூட்டாளி இருந்தாள், கிணற்றுக்காரரின் மகள். அவளும் என் வகுப்புத்தான், ஆனால் நாங்கள் வகுப்பில் சந்தித்ததில்லை. காலையில் ஊர்ப் பிள்ளைகள் படிப்பார்கள், பின்னேரம் அதே வாங்கு மேசைகளில் முகாம் பிள்ளைகள். ஒருநாள் என் மேசையில் பென்சிலால் எழுதியிருந்தது: "பின்னேரம் இங்க இருக்கிறது யாரு?" நான் பதில் எழுதினேன். அடுத்த நாள் மறுபதில் இருந்தது. இரண்டு கிழமைக்குப் பிறகுதான், கிணற்றடியில் தண்ணீர் அள்ளும்போது, அது அவள் என்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. ஆம்பிளைகள் ஜும்ஆவுக்குப் போனதும் நாங்கள் மூவரும் கிணற்றுச் சுவர்க் கட்டின் மேல் கூடுவோம். கட்டுத்தான் விண்கலம்.

"கிணறு எங்கட" என்றாள் அவள். "கட்டும் எங்கட. அப்ப கப்டன் நான்தான்."

"அப்ப நான்?"

"நீ மொழிபெயர்ப்பாளர்" என்றாள் ராத்தா.

"அவங்க என்ன பாஷை கதைப்பாங்க?"

"தமிழ்தான்."

கப்டன் சிரித்தாள். "தமிழ் கதைக்கிற ஆக்களுக்கு மொழிபெயர்ப்பாளர் என்னத்துக்கு ராத்தா?"

"பாஷை ஒண்டுதான். ஆனா விளங்காது" என்றாள் ராத்தா.

முதல் கோளின் ஆட்கள் நின்றபடி தூங்குவார்கள். இரண்டாவதில் பிள்ளைகள்தான் தாய் தகப்பனுக்குப் பெயர் வைப்பார்கள். இரண்டையும் கப்டன் கண்டுபிடித்தாள். அவள் கெட்டிக்காரி, நேராகக் கேட்பாள். மூன்றாவது கோளுக்குக் காயை உருட்டியபோது பதினேழு விழுந்தது. கிழிந்த பக்கம். ராத்தா காயைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரி, இறங்குங்க" என்றாள்.

அந்தக் கோளில் எங்கள் கலத்துக்கு எரிபொருள் தீர்ந்துவிட்டது. அங்கே உள்ளவர்களிடம் கேட்டு வாங்கினால்தான் வீட்டுக்குப் போகலாம். ராத்தா சால்வையை நெற்றிவரை இழுத்துக்கொண்டு அந்தக் கோளின் தலைவியாக உட்கார்ந்தாள்.

"எங்களுக்குக் கொஞ்சம் எண்ணெய் தருவீங்களா?" என்று கப்டன் கேட்டாள்.

"எங்களிட்ட இல்ல."

"தண்ணி?"

"அதுவும் இல்ல."

கப்டன் அடுத்த கிராமத்துக்குப் போனாள். இல்லை. அதற்கடுத்த கிராமம். இல்லை. இப்படி மூன்று வெள்ளிக்கிழமை போனது. "துவக்கால சுடுவம்" என்றாள் கப்டன். "சுட்டா எண்ணெய் வருமா?" என்று கேட்டாள் ராத்தா. வெயிலில் கட்டு கொதித்தது. கச்சான் காற்று உப்பளப் பக்கமிருந்து வந்து உதட்டில் ஒட்டியது. நக்கினால் கரிக்கும்.

எனக்கு அது விளங்கியது ஒரு புதன்கிழமை. எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் உம்மாவைப் பார்க்க வந்தார். "தேத்தண்ணி ஊத்தவா?" "வேணாம், இப்பதான் குடிச்சன்." "கொஞ்சம்?" "ஐயோ வேணாம்." "ஒரு வாய்?" "சரி, நீங்க சொன்னா." வந்தவர் அந்தக் கோப்பையை ஒரே மூச்சில் குடித்தார். நான் பாய்க்குப் பக்கத்தில் இருந்து அந்தத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். நான் பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி. அன்றைக்குத்தான் அதை வேறு கோளிலிருந்து வந்து பார்ப்பது போல் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை கப்டனைத் தள்ளிவிட்டு நான் முன்னால் போனேன்.

"எண்ணெய் தருவீங்களா?"

"இல்ல."

"எண்ணெய் தருவீங்களா?"

"சொன்னன்தானே, இல்ல."

"எண்ணெய் தருவீங்களா?"

ராத்தா சால்வையைப் பின்னுக்குத் தள்ளினாள். "தாறம்" என்றாள். "எவ்வளவு வேணும்?" அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. முகாமுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கண்டிருக்கவில்லை.

கப்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதென்ன விசர்க் கத! இல்லண்டா இல்லதானே? குடுக்க மனசிருந்தா மொதல்லயே செல்லணும்!"

"அங்க அப்பிடித்தான்" என்றாள் ராத்தா. "முதல் ரெண்டு பதிலும் மரியாதைக்கு. மூண்டாவதுதான் பதில்."

"அப்பிடி யாரும் இருக்க மாட்டாங்க."

"நாங்க இருக்கிறம்" என்று சொன்னது நான்தான். பெருமையாகச் சொன்னேன். விளையாட்டை வென்ற பெருமை.

கப்டன் கட்டின் ஓரத்துக்கு வந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப... அண்டைக்கு எங்கட உம்மா சட்டியோட வந்த நேரம், நீங்க சாப்பிட்டிருக்கல்லயா?"

நான் மணலைப் பார்த்தேன். "விளையாட்ட விளையாடுங்க" என்றாள் ராத்தா. அதற்குள் கப்டன் கட்டின் மேலிருந்து குதித்து வீட்டைப் பார்த்து ஓடிவிட்டாள்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கிணற்றுக்கார மாமி வந்தார். அதே சட்டி. மூச்சு வாங்க எங்கள் சாக்குக்கு முன்னால் நின்று, பதிலுக்கு இடமே விடாமல் கேட்டார்: "சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களா? மூண்டு தரம் கேட்டுட்டன். புடிங்க!"

அக்கம்பக்கக் குடிசைகளில் சிரித்தார்கள். உம்மா சட்டியை வாங்கினார். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "எட்டு மாசம் புள்ள! எட்டு மாசமா ஒங்கள நான் பெருமக்காரிண்டு நெனச்சிட்டு இருந்தேன்." உம்மாவும் அழுதுகொண்டே சிரித்தார். "நான் உங்களக் கஞ்சம் பிடிச்சவ எண்டு நினைச்சன்" என்றார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்றிலிருந்து அவர்கள் சிநேகிதிகள். பார்த்தவர்கள் எல்லாருக்கும் அது நல்ல நாள்.

வாப்பா உள்ளே இருந்தார். ஊரில் அவருக்குப் புடவைக் கடை இருந்தது. இங்கே உப்பளத்தில் உப்பு வாரும் வேலை. பாதம் இரண்டும் வெடித்து, வெடிப்புகளில் உப்பு வெள்ளையாக நிற்கும். பின்னேரங்களில் நல்ல தண்ணீரில் கால் வைக்க வேண்டும், ஆனால் நல்ல தண்ணீரை அதற்குச் செலவழிக்க அவருக்கு மனம் வராது. அன்று எல்லாரும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டோம். வாப்பா கையைக் கழுவினார், சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலை எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"உங்கட விளையாட்டால எங்கட பசி ஊருக்கே தெரிஞ்சு போச்சு" என்றார். குரல் உயரவில்லை. "இனி இந்த வீட்டில மூண்டு தரம் இல்ல. ஒருக்காக் கேட்டா ஒருக்காப் பதில். ஓம் எண்டா ஓம். இல்ல எண்டா இல்ல. இங்க உள்ள ஆக்கள் அப்பிடித்தான். இருக்கிற ஊர் மாதிரி இருக்கப் பழகுங்க."

எங்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. விளையாட்டாகக்கூடப் பழகினோம். "தேத்தண்ணி?" என்று நான் கேட்பேன். "ஓம்!" என்று உம்மா உடனே கத்துவார். கத்திவிட்டு வெட்கத்தில் வாயைப் பொத்துவார். நான்தான் எல்லாரிலும் வேகமாகப் பழகினேன். மாமி ஒரு பழம் நீட்டினால் நீட்டும்போதே வாங்குவேன். "இந்தப் புள்ள எங்கட புள்ளயாப் போச்சு" என்பார் மாமி.

சிநேகிதம் வந்தால் அடுத்தது சம்பந்தம். இரண்டு மாதத்துக்குள் மாமி தன் தம்பியின் மகனுக்கு ராத்தாவைக் கேட்டு வந்தார். நல்ல பொடியன், கற்பிட்டியில் வெங்காயத் தோட்டம், சீதனம் ஒன்றும் வேண்டாம் என்றார். மாமி கேட்டது அன்பினால். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வாப்பா புதிய வழக்கப்படி ஒரே தரத்தில் ஓம் என்றார். முகாமில் வயதுக்கு வந்த பெண்பிள்ளையை வைத்திருக்கிற தகப்பன்மாரின் முகங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். சாக்குக்குத் தாழ்ப்பாள் இல்லை.

ராத்தா குடிசைக்குள் சுளகில் அரிசிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். வாப்பா உள்ளே வரவில்லை. சாக்குக்கு வெளியே நின்றார். அவருடைய வெடித்த பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"மகள், மாமிட தம்பிட மகனுக்குக் கேட்டு வந்திருக்கிறாங்க. உனக்குச் சம்மதமா?"

ராத்தா சுளகைப் பார்த்தபடி, "ஓம் வாப்பா" என்றாள்.

வாப்பா உடனே போகவில்லை. அந்தப் பாதங்கள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன. ஒரு பாதம் மற்றப் பாதத்தைச் சொறிந்தது. அவரும் எதற்கோ காத்திருந்தார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. தான் போட்ட சட்டத்தைத் தானே உடைக்கலாமா என்று யோசித்திருக்கலாம். உப்பு கடித்ததாகவும் இருக்கலாம். பிறகு "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் போனார். மணலில் காலடிச் சத்தம் கேட்பதில்லை. எப்போது தூரமானார் என்று தெரியவில்லை.

ராத்தா சுளகைக் கீழே வைத்தாள். பால்மாப் பேணியைத் திறந்து பச்சைக் காயை எடுத்தாள். பாயில் உருட்டினாள். அது ஓடி என் முழங்காலில் முட்டி நின்றது. பதினாறு. கிழிந்த பக்கம். அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் கோளில் என்ன வழக்கம் என்று அவள்தான் சொல்ல வேண்டும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ராத்தா?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல" என்றாள்.

நான் ஒருதரம்தான் கேட்டேன். எனக்குப் புதிய வழக்கம் நன்றாகப் பழகியிருந்தது.

கலியாணம் தை மாதத்துக்கு முன்னமே முடிந்தது. கம்பளிக் கோட்டுகளின் தையலை அவிழ்த்து அவற்றின் பட்டு உள்துணியில் உம்மா எனக்கு ஒரு சட்டை தைத்தார். எல்லாரும் அது நல்லாயிருக்கிறது என்றார்கள். ராத்தா கற்பிட்டிக்குப் போனாள். தவளைக் கொப்பியைக் கொண்டுபோகவில்லை. அடுத்த மழையில் முகாமுக்குள் முழங்கால் அளவு வெள்ளம் வந்தது. கொப்பியும் பேணியும் காயும் போய்விட்டன. நான் தேடவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதிகம் தேடவில்லை.

மச்சான் நல்லவர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மூன்று பிள்ளைகள், மூவரும் படித்தார்கள். வெங்காய அறுவடைக் காலத்தில் ராத்தாவின் கைகளில் அந்த வாசனை இருக்கும், மற்றக் காலங்களிலும் கொஞ்சம் இருக்கும். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஏதாவது ஒரு குறை இருந்திருந்தால் அதைப் பற்றிப் பேசப் போய் இதையும் எப்போதாவது கேட்டிருப்பேன். வாப்பாவும் மௌத்தாகிவிட்டார், உம்மாவும். ராத்தா சொன்ன அந்த ஒரு ஓம் எந்தக் கோளின் ஓம் என்று அவர்கள் யோசித்தார்களா என்று தெரியாது. புதிய கோளின் ஓம் என்றால் அது சம்மதம். பழைய கோளின் ஓம் என்றால் அது மரியாதை, வாப்பா இன்னும் இரண்டு தரம் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கோளைக் கண்டுபிடித்து, "நாங்க இருக்கிறம்" என்று சத்தமாகச் சொன்னவள் நான்.

மகளைக் களப்பிலிருந்து கூட்டி வந்த பத்தாம் நாள் அவளுடைய தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். வாசித்தேன் என்று சொன்னேன். அவள் தோளைக் குலுக்கினாள். நான் குசினிக்குப் போகாமல் அவளுடைய அறை வாசலில் நிலத்தில் உட்கார்ந்தேன்.

"கிளாஸ்ல என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கல்ல."

"கிளாஸ்ல என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லண்டு சொன்னன்தானே உம்மா."

மூன்றாம் தரம் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே மீன்காரர் கூவிக்கொண்டு போய்விட்டார். பிறகு அவள், "எனக்கு அதில ஒரு வரியும் விளங்குதில்ல" என்றாள். "முதல் நாளிலிருந்தே விளங்கல்ல. எல்லாருக்கும் விளங்குது." அழவில்லை. நானும் அழவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உயிரியல் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொன்னேன். அவளை அதில் சேர்த்தவள் நான். சேர்க்கும்போது சம்மதமா என்று கேட்டதாகவும் அவள் ஓம் என்றதாகவும் எனக்கு நினைவிருக்கிறது.

களப்புத் தண்ணீரைப் பற்றி நான் இன்னும் ஒருதரம்கூடக் கேட்கவில்லை.

நேற்று முன்தினம் காலை ராத்தாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். சுகம் விசாரித்தோம். மகளைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன், எல்லாம் சொல்லவில்லை. பிறகு கேட்டேன்:

"ராத்தா, வாப்பா அண்டைக்கு வெளிய நிண்டு கேட்ட நேரம் ஓம் எண்டீங்க. உங்களுக்குச் சம்மதமா இருந்ததா?"

"ஓம்" என்றாள். "இப்ப என்னத்துக்கு அது?"

"உங்களுக்குச் சம்மதமா இருந்ததா ராத்தா?"

"ஓமெண்டு சொன்னன்தானே."

அந்தப் பக்கம் எண்ணெயில் ஏதோ பொரிந்தது. அவள் அடுப்பைக் குறைத்த சத்தம் கேட்டது. பொரிகிற சத்தம் நின்றது. அவள் தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றினாள் போல.

"ரெண்டு தரம் கேட்டுட்டாய்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவள் மூச்சு எனக்குக் கேட்டது, என் மூச்சு அவளுக்குக் கேட்டிருக்கும். முப்பது வருடத்துக்கு மேலாக அவள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்தேன். அவள் இன்னும் இருந்தாள்.

மூன்றாம் தரம் கேட்பதற்குப் பதிலாக, "மச்சான் தோட்டத்துக்குப் போயிட்டாரா?" என்று கேட்டேன்.

பொரிகிற சத்தம் மறுபடி கேட்டது. "போயிட்டார்" என்றாள்.

அதை நான் ஒருதரம்தான் கேட்டேன்.